பைத்தான் புதியவர்களுக்கு டியூப்பிள் எப்போது?

சுண்ணக்கட்டி: பைத்தான் நிரல்மொழியைத் தொடங்குபவர்களுக்கு முதல் மாதம் லிஸ்ட் (மாற்றக்கூடிய வரிசை) மட்டும் போதும், டியூப்பிள் (உருவாக்கியபின் மாற்ற முடியாத வரிசை) பிறகு வரட்டும் என்பது என் கட்சி. டியூப்பிளுக்கு இருக்கும் மெத்தடே (அதனிடம் கேட்டுச் செய்விக்கும் வேலை) இரண்டுதான்: ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது, எந்த இடத்தில் வருகிறது. லிஸ்ட் அதையும் செய்யும். சேர்க்கும், நீக்கும், வரிசைப்படுத்தும். போதாக்குறைக்கு அந்தக் காற்புள்ளி! (5) என்றால் வெறும் எண், (5,) என்றால்தான் டியூப்பிள்.

கரிசல்காடு: ஐயா, நீங்கள் ஒளித்துவைத்தாலும் அது வந்து நிற்கும். வகுத்து ஈவும் மீதியும் தரும் டிவ்மாட் ஃபங்ஷனுக்கு 17, 5 கொடுத்தால் கிடைப்பது (3, 2) என்ற டியூப்பிள். ஒவ்வொரு மதிப்பையும் ஒரு சாவியோடு சேர்த்து வைக்கும் டிக்ஷனரியில் சென்னையின் வெப்பநிலையைச் சேமிக்க, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையான (13.08, 80.27) என்ற டியூப்பிளைச் சாவியாக வைக்கலாம், அதையே [13.08, 80.27] என்று லிஸ்டாகக் கொடுத்தால் டைப்எர்ரர் என்ற பிழை. சாவியின் ஹேஷ் மதிப்பை (சாவியின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்ணை) வைத்துத்தானே டிக்ஷனரி தேடுகிறது? உள்ளே போட்டபின் சாவி மாறிவிட்டால் தேடியது எப்படி அகப்படும்?

சுண்ணக்கட்டி: சாவி விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் டியூப்பிள் "மாறாது" என்று மாணவரிடம் அடித்துச் சொல்ல முடியுமா? பை = ([1, 2], 3) என்று வைத்து, பை[0] += [4] என்று எழுதிப் பாருங்கள். பிழையும் வரும், பையை அச்சிட்டால் ([1, 2, 4], 3) என்றும் வரும். இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவீர்கள்?

கரிசல்காடு: விளக்கலாம். டியூப்பிள் மாறாமல் காப்பது எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை மட்டுமே. அந்த லிஸ்டின் வயிற்றுக்குள் நடப்பதற்கு அது பொறுப்பல்ல. += இரண்டு வேலை செய்கிறது: முதலில் லிஸ்டை நீட்டுகிறது, அது நடந்துவிடுகிறது. பிறகு விடையை மறுபடி பை[0]இல் வைக்கப் பார்க்கிறது, அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. லிஸ்டின் கடைசியில் சேர்க்கும் அப்பெண்ட் மெத்தடால் பை[0].அப்பெண்ட்(4) என்று செய்திருந்தால் பிழையே வந்திருக்காது. இப்படிப்பட்ட பையைச் சாவியாக வைக்கவும் பைத்தான் விடாது.

இரவுப்பணி: இருவரும் ஸ்ட்ரிங்கை (எழுத்துகளின் வரிசையை) மறந்துவிட்டீர்கள். அதுவும் மாறாத வரிசைதான், முதல் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. பெரிய எழுத்தாக்கித் தரும் பெயர்.அப்பர்() என்று அழைத்துவிட்டு, பெயர் ஏன் பெரிய எழுத்தாகவில்லை என்று விழிக்காத மாணவர் உண்டா? புதிய ஸ்ட்ரிங் கிடைக்கிறது, பழையது அப்படியே இருக்கிறது என்பதை அங்கேயே சொல்லிவிட்டால் டியூப்பிளுக்குப் பாதி வேலை முடிந்தது.

சுண்ணக்கட்டி: இது நல்ல வழி. ஸ்ட்ரிங்கை வைத்துத் தொடங்குகிறேன். டியூப்பிள் என்ற பெயர் மட்டும் டிக்ஷனரி பாடம் வரும் நாளில்தான்.

கரிசல்காடு: அதற்குள் ஒரு மாணவி டிவ்மாட் விடையில் ஒரு எண்ணை மாற்றப் பார்த்து, டைப்எர்ரரோடு உங்கள் மேசைக்கு வந்தால்?