மாறுகண் பிள்ளைக்கு பேட்ச் ஒட்டியவர்கள், மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

செம்பருத்தி:
மகளுக்கு நான்கு வயது. இடது கண் உள்பக்கம் திரும்பும், கண்ணாடி போட்டும் அந்தக் கண்ணில் பார்வை ஏறவில்லை, அதனால் நல்ல கண்ணை ஒட்டுப்போடும் பேட்ச்சால் தினமும் கொஞ்ச நேரம் மூடச் சொன்னார்கள், உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். முதல் நாள் ஒட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அழவில்லை, பிய்க்கவும் இல்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, ஏன் நீ இன்னிக்குப் பொட்டு வைக்கலை?" என்றாள். வைத்திருந்தேன். வழக்கமாக வைக்கும் சிவப்புப் பொட்டுதான். பார்வைப் பலகையில் இரண்டாவது வரிக்கு மேல் போகவில்லை என்று டாக்டர் சொன்னபோது புரியாதது அப்போது புரிந்தது. சமையலறைக்குப் போய் நின்று அழுதேன்.

ரயிலடி:
எங்களுக்கு நடந்தது ஒரு கல்யாணப் பந்தியில். உறவில் பெரியவர் ஒருவர், "மாறுகண் யோகம்டா, நல்ல கண்ணையும் ஏன் மூடிக் கெடுக்கிறீங்க" என்று சொல்லிக்கொண்டே பையன் முகத்திலிருந்து பேட்ச்சைப் பிடித்து இழுத்துவிட்டார். ஓரம் தூக்கி மெதுவாக எடுப்பதற்கே அவன் கத்துவான். பிய்த்ததில் புருவ முடி ஒட்டியிருந்தது. அதை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். அவ்வளவு பேர் இருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அவரைப் பார்த்தால் எனக்கு உடம்பு பதறுகிறது.

பேரனின் பாட்டி:
ரயிலடி தம்பி, பெரியவர்கள் எல்லோரும் அப்படி இல்லை. எங்கள் வீட்டில் பேரனுக்கு ஒட்டிவிட்டதே நான்தான், மருமகள் வேலைக்குப் போகிறாள். பேட்ச் போட்டால் கண் நேராகிவிடும் என்றுதான் போட்டோம், இன்னும் திரும்பித்தான் இருக்கிறது. ஏழு வயது தாண்டினால் ஒன்றும் நடக்காது என்கிறார்கள், அவனுக்கு வருகிற தையில் ஏழு முடிகிறது. ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

கண்ணாடிக்காரர்:
பாட்டிம்மா, இரண்டுமே சரியில்லை, இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பேட்ச் கண்ணை நேராக்குவதற்கு இல்லை. திரும்பிய கண்ணிலிருந்து வருவதை மூளை ஒதுக்கிவிடுகிறது, அந்தக் கண்ணைப் பயன்படுத்த வைக்கத்தான் நல்லதை மூடுகிறோம். நேராக்குவது கண்ணாடி அல்லது ஆபரேஷன், பெரும்பாலும் பார்வை ஏறிய பிறகு அதைப் பற்றிப் பேசுவார்கள். ஏழு வயதோடு கதவு அடைபடும் என்பதும் பழைய பேச்சு. அமெரிக்காவில் குழந்தைக் கண் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2005-ல் வந்தது, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் கண்ணாடியோடு பேட்ச்சும் சொட்டு மருந்தும் சேர்ந்தபோது பாதிப் பேருக்கு மேல் பார்வை முன்னேறியது. சின்ன வயதில் ஏறுவது சுலபம், அது உண்மை. ஆனால் தையோடு முடிந்துவிடாது.

அப்புறம் மணிக்கணக்கு. அதே குழுவின் 2003 ஆய்வில், ஏழு வயதுக்குள் இருந்த, பார்வைக் குறைவு நடுத்தரமாக உள்ள பிள்ளைகளுக்கு நான்கு மாதத்தில் ஒரு நாளைக்கு 2 மணி நேரம் ஒட்டியதும் 6 மணி நேரம் ஒட்டியதும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. பார்வை மிகக் குறைவாக இருந்தால் கணக்கு வேறு, அதனால் நீங்களாகக் குறைக்காமல் டாக்டரிடம் கேளுங்கள். ஒட்டவே விடாத பிள்ளைக்கு நல்ல கண்ணில், அதன் பார்வையைக் கொஞ்சம் மங்கவைக்கும் அட்ரோபின் சொட்டு விடுகிறார்கள், அதுவும் வேலை செய்கிறது. கண்ணாடிமேல் மாட்டும் துணி உறை வேண்டாம், ஓரமாக எட்டிப் பார்த்துவிடுவார்கள். தோல் சிவந்தால் ஒட்டும் கோணத்தைத் தினமும் மாற்றுங்கள். பார்வை வந்ததும் சட்டென்று நிறுத்தவும் கூடாது, திரும்ப இறங்குகிற பிள்ளைகள் உண்டு. செக்கப்பைத் தள்ளிப் போடாதீர்கள், மூடிய கண்ணும் சரியாக இருக்கிறதா என்று அப்போதுதான் பார்ப்பார்கள். என் மகளுக்கு எட்டரை வயதில் ஆரம்பித்தோம், இப்போது பஸ் போர்டு படிக்கிறாள்.

ரயிலடி:
நான் ஆலோசனை கேட்கவில்லை சார், ஆனால் துணி உறை விஷயம் சரி. பையன் தலையைச் சாய்த்துச் சாய்த்து டிவி பார்த்தது அதனால்தான் போலிருக்கிறது.

அரிசிக்கல்:
நான் பெற்றோர் இல்லை, பேட்ச் போட்டுக்கொண்ட பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒன்றரைக் கண் என்று கூப்பிட்டதெல்லாம் மங்கிவிட்டது. மங்காதது வேறு. தினமும் பேட்ச் நேரத்தில் அம்மா முறத்தில் அரிசியைக் கொடுத்துக் கல் பொறுக்கச் சொல்வார், கிட்டத்தில் பார்க்கிற வேலை நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, நான் பொறுக்கி வைத்த கல்லையெல்லாம் அம்மா அரிசியில் திரும்பக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, முறத்தைத் தட்டிவிட்டேன். அம்மா திட்டவில்லை, தரையில் சிதறியதைக் காட்டி, "இதையும் பொறுக்கு, இது இன்னும் கஷ்டம்" என்றார். இன்று அந்தக் கண்ணில் கண்ணாடியோடு பேப்பர் படிக்கிறேன்.

பேரனின் பாட்டி:
கண்ணாடிக்காரர் தம்பி, நன்றி, டாக்டரிடம் மணிக்கணக்கைக் கேட்கிறேன். அரிசிக்கல், இப்போது வருகிற பாக்கெட் அரிசியில் கல்லே இல்லை. பாசிப்பயறில் உளுந்தைக் கலந்து கொடுக்கலாம் என்று பார்க்கிறேன், கறுப்பு உளுந்து என்றால் சுலபமாகிவிடும், தோலோடு பச்சைப்பயறும் பாசிப்பருப்பும் என்றாலும் அப்படித்தான், வெள்ளை உளுந்தும் பாசிப்பருப்பும்தான் சரியாக இருக்கும்.