தனியாக உடற்பயிற்சி வகுப்பு தொடங்குவது: ஜிம்முக்கு வாடகை கட்டுவதா, கோயில் மண்டபத்தில் நடத்துவதா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். உடற்பயிற்சிப் பயிற்றுநர் படிப்பை அண்மையில் முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்கிறேன். முதலுதவிப் பயிற்சியும் எடுத்துவிட்டேன். எங்கும் சம்பளத்துக்குச் சேராமல் சுயமாகத் தொழில் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

என் முன்னால் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு ஜிம், மாதம் 6,000 ராண்ட் வாடகை கட்டினால் அவர்களுடைய இடத்தையும் கருவிகளையும் பயன்படுத்தி என் சொந்த வாடிக்கையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்கிறது. மற்றொரு பக்கம், எங்கள் கோயில் நிர்வாகக் குழு வாரநாள் காலைகளில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தைக் குறைந்த கட்டணத்துக்குத் தர முன்வந்திருக்கிறது. அங்கே வர ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் 55 வயதைத் தாண்டிய அம்மாமார்கள். அவர்களில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படிப்பில் எங்களுக்குச் செய்முறைப் பயிற்சி கிடைத்ததோ நோய்நொடி இல்லாத இளைஞர்களோடுதான்.

எந்த வழியில் தொடங்குவது நல்லது? கட்டணத்தை எப்படி முடிவு செய்வது? இந்த அம்மாமார்களைப் பாதுகாப்பாகப் பயிற்றுவிக்க நான் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? வரி, காப்பீடு போன்ற காகித வேலைகள் என்னென்ன? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

பதில் 1 (பீனிக்ஸ், பயிற்றுநர்)

தங்கைக்கு வாழ்த்துகள். முதலில் வாடகைக் கணக்கைப் பார்ப்போம். தனிநபர் பயிற்சிக்கு மணிக்கு 250 ராண்ட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 6,000 ராண்டைக் கட்டி முடிக்கவே மாதம் 24 மணி நேரம் உழைக்க வேண்டும். இருபத்தைந்தாவது மணி நேரத்திலிருந்துதான் உங்கள் கைக்குக் காசு வரும். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத நிலையில் இந்தச் சுமையை ஏற்பதை நான் ஆதரிக்கவில்லை. ஜிம்முக்குள் இடம் கிடைத்தால் ஆட்கள் தாமாக வந்து சேர்வார்கள் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆனால் அங்கே ஏற்கெனவே வேறு பயிற்றுநர்கள் இருப்பார்கள், உறுப்பினர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே பயிற்சி செய்துவிட்டுப் போவார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை ஊரே விடுமுறையில் இருக்கும்போதும் வாடகை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் பயிற்சிக்கு வருவது விடியற்காலையிலும் மாலை ஐந்து மணிக்கு மேலும்தான்; இடைப்பட்ட பகல் முழுவதும் பயிற்றுநருக்கு வெறுமையாகக் கழியும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் மண்டபமோ, மற்ற பயிற்றுநர்கள் வேலையில்லாமல் இருக்கும் அந்தக் காலை நேரத்தில்தான் திறந்திருக்கிறது, அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் ஆட்களும் தயாராக இருக்கிறார்கள். ஆகவே மண்டபத்தில் தொடங்குங்கள். மாலை நேரத்துக்கு ஜிம்மிடம் மாத வாடகைக்குப் பதிலாக, வந்து பயன்படுத்தும் மணி நேரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒப்புக்கொண்டால், நீங்கள் விலகிச் செல்லும்போது உங்கள் வாடிக்கையாளர்கள் உங்களுடன் வரலாமா என்பதை எழுத்தில் தெளிவாக்கிக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

மண்டப வகுப்பில் பத்துப் பேர் தலைக்கு 50 ராண்ட் கொடுத்தால் 500 ராண்ட் ஆகிறது. மண்டபத்துக்கு 120 போனால் 380 மிஞ்சும். ஆனால் ஒரு மணி நேர வகுப்பு என்பது உண்மையில் இரண்டு மணி நேர வேலை. நாற்காலிகளை அடுக்குவது, வராதவர்களுக்குத் தொலைபேசியில் பேசுவது, அடுத்த வகுப்பைத் திட்டமிடுவது எல்லாம் அதில் அடங்கும். கட்டணத்தை முடிவு செய்யும்போது அந்த இரண்டாவது மணி நேரத்தையும் கணக்கில் சேருங்கள். தினமும் கையில் காசாக வாங்காமல், மாதத் தொடக்கத்திலேயே வங்கி வழியாக மொத்தமாக வாங்குங்கள். அப்போதுதான் மழை பெய்த நாளிலும் வருமானம் குறையாது, கட்டிய பணத்துக்காகவாவது வர வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கும் இருக்கும்.

நம் சமூகத்தில் மிகவும் சங்கடமான விஷயம், அத்தையிடமும் சித்தியிடமும் பணம் கேட்பது. முதல் நாளே கட்டணத்தை ஒரு தாளில் எழுதி மண்டபத்தில் ஒட்டிவிடுங்கள். அரசு முதியோர் உதவித்தொகையில் வாழ்பவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க நினைத்தால், அந்தச் சலுகையை உறவு பார்க்காமல் அவர்கள் அனைவருக்கும் ஒரே அளவில் கொடுங்கள். ஒரு வகுப்பை இலவசமாகக் காட்டலாம். ஒரு மாதத்தை இலவசமாகக் கொடுக்க வேண்டாம். கடன் வாங்கி ட்ரெட்மில் வாங்கவும் வேண்டாம். உறுதியான நாற்காலிகளும், ரப்பர் பட்டைகளும், சில சிறிய டம்பெல்களும் ஓராண்டுக்குப் போதும்.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க், பயோகினெடிசிஸ்ட்)

நான் பயோகினெடிசிஸ்ட், அதாவது உடற்பயிற்சியின் மூலம் நோயாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பவர். மேலே உள்ள ஆலோசனையோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் இந்தக் குழுவை ஏற்பது இளைஞர்களுக்கு வகுப்பு எடுப்பதைவிட எளிது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் மிகவும் பரவலாக உள்ளது. உடற்பயிற்சியால் அதிகம் பயன்பெறக்கூடியவர்களும், பயிற்சியின்போது அதிகக் கவனம் தேவைப்படுகிறவர்களும் இவர்களே.

சேரும் ஒவ்வொருவரிடமும் பார்க்யூ பிளஸ் (PAR-Q+) என்ற முன்சோதனைப் படிவத்தை நிரப்பி வாங்குங்கள். அதன் முதல் பக்கத்தில் உள்ள ஏழு கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று வந்தாலும் அடுத்த பக்கங்களையும் அவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள், தேவைப்பட்டால் மருத்துவரின் ஒப்புதலையும் பெறுங்கள். அரசுக் கிளினிக்கில் காலையெல்லாம் வரிசையில் நின்று “எனக்கு ஒரு கடிதம் வேண்டும்” என்று கேட்பது அந்த அம்மாவுக்குச் சிரமம். அதனால் என்னென்ன பயிற்சிகள், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் என்பதை நீங்களே ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து கொடுத்தனுப்பினால், மருத்துவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வசதியாக இருக்கும்.

மருந்துகளின் பெயரை வாய்மொழியாகக் கேட்காதீர்கள். பெரும்பாலும் “வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று” என்றுதான் பதில் வரும். மாத்திரை அட்டைகளையே கொண்டுவரச் சொல்லிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவருக்கும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவருக்கும் அப்படி இறங்கக்கூடும். இவர்கள் வகுப்புக்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். அளவு லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், முதலில் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உள்ள ஏதாவது சாப்பிட்டு, சர்க்கரை ஏறிய பிறகே தொடங்க வேண்டும். 14 அளவுக்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று பயிற்சி வேண்டாம், கிளினிக்குக்கு அனுப்புங்கள். பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்து, இரவிலும்கூடச் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் அட்டெனொலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரை எடுப்பவர்களிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. அந்த மாத்திரை நாடித்துடிப்பை அடக்கிவிடுவதால், அதிகபட்ச நாடித்துடிப்பை மதிப்பிட 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. வேகத்தைப் பேச்சை வைத்து அளவிடுங்கள்: ஒரு முழு வாக்கியம் பேச முடிந்து, பாட மட்டும் மூச்சுப் போதவில்லை என்றால் அது மிதமான வேகம். அது மட்டுமல்லாமல், சர்க்கரை இறங்கும்போது தோன்றும் படபடப்பையும் நடுக்கத்தையும் அந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. ஆனால் பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில், மின்விசிறி சுற்றும் மண்டபத்தில், எல்லோருக்கும்தான் வியர்க்கும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது முகத்தையும் பேச்சையும். கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்கிறாரா, எண்ணிக்கையைத் தவறவிடுகிறாரா, வழக்கமாகக் கலகலவென்று பேசுபவர் திடீரென அமைதியாகிவிட்டாரா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் உடனே உட்காரவைத்துச் சர்க்கரையைச் சோதியுங்கள். சோதிக்க வழி இல்லையென்றால் இறங்கியிருப்பதாகவே கருதி, சர்க்கரை கலந்த பானத்தைக் கொடுங்கள். டயட் கோலா இதற்குப் பயன்படாது.

பயிற்சிகளில் நான் முதலிடம் கொடுப்பது நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சிக்கு. மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி வழவழப்பான தரையில் பின்னால் நழுவும் என்பதால், அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, குதிகாலை ஊன்றி எழச் சொல்லுங்கள். முப்பது விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று முதல் வாரமே எண்ணிக் குறித்துவைத்து, இரண்டு மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். எடை இயந்திரத்தில் மாற்றம் தெரியாதபோதுகூட இந்த எண்ணிக்கையில் முன்னேற்றம் தெரியும், அவர்கள் வகுப்பைவிட்டு விலகாமல் இருப்பதற்கும் அது உதவும். உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்போடு, மூன்று நாள்களாவது தசை வலிமைக்கும் உடல் சமநிலைக்குமான பயிற்சிகளையும் பரிந்துரைக்கிறது. வெறும் நடனமும் கைதட்டலுமாக வகுப்பு முடிந்துவிடக் கூடாது.

உங்கள் எல்லையையும் அறிந்திருங்கள். பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர், அண்மையில் இதய அறுவை சிகிச்சையோ மூட்டு மாற்றமோ செய்துகொண்டவர் போன்றோரை, சுகாதாரத் தொழில்முறைக் கவுன்சிலில் பதிவு செய்த பயோகினெடிசிஸ்ட் அல்லது பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புங்கள். சர்க்கரை நோயாளிக்கு உணவுத் திட்டம் எழுதிக் கொடுப்பது டயட்டீஷியனின் வேலை. மாத்திரையைக் குறைக்கலாமா என்று உங்களிடம் கேட்பார்கள்; அதற்கு எந்தக் காலத்திலும் பதில் சொல்லாதீர்கள். மண்டபச் சுவரில் ஆம்புலன்ஸ் எண் 10177, கைப்பேசிக்கான 112, மண்டபத்தின் முழு முகவரி மூன்றையும் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

பதில் 3 (லெனேசியா, கணக்காளர்)

காகித வேலைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பெயரிலேயே தொழில் செய்யலாம். ஆனால் சம்பளக்காரருக்குப் பிடிப்பதுபோல் உங்கள் வருமானத்தில் யாரும் வரி பிடிக்கமாட்டார்கள் என்பதால், வருமான வரித்துறையான சார்ஸில் முன்கூட்டிய வரி செலுத்துவோராக நீங்கள் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். வரி ஆண்டு மார்ச் 1இல் தொடங்கி பிப்ரவரி இறுதியில் முடிகிறது. முதல் தவணை ஆகஸ்ட் இறுதிக்குள்ளும், இரண்டாவது பிப்ரவரி இறுதிக்குள்ளும் வரும். தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வருகிற பணத்தில் ஒரு பங்கை வரிக்கென்று ஒதுக்கி வைத்துவிடுங்கள். மண்டபக் கட்டணம், ரப்பர் பட்டை, காப்பீடு ஆகியவற்றின் ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

வகுப்பில் யாராவது காயமடைந்தால் கைகொடுக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடும், தவறான பயிற்சியால் பாதிப்பு என்று வழக்கு வந்தால் கைகொடுக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் எடுக்காமல் முதல் வகுப்பை நடத்த வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். “எனக்கு ஏதாவது நேர்ந்தால் பயிற்றுநர் பொறுப்பல்ல” என்று கையெழுத்து வாங்கினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படிப்பட்ட விதி எளிய மொழியில் இருக்க வேண்டும், கையெழுத்திடுபவரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டிருக்கவும் வேண்டும். பெரும் அலட்சியத்தால் வந்த பாதிப்புக்கு அது எந்த வகையிலும் கவசமாகாது.

மேலே சொன்ன மருத்துவப் படிவங்கள் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் கீழ் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியவை. அவற்றைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதை வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் எழுதாதீர்கள். வகுப்பில் பாட்டுப் போடுவதற்கு சாம்ரோ, சாம்ப்ரா ஆகிய இரண்டு அமைப்புகளின் உரிமமும் தேவைப்படும்: முன்னது பாடலை இயற்றியவர்களுக்காக, பின்னது ஒலிப்பதிவுக்கு உரியவர்களுக்காக. உங்கள் சொந்த ஸ்பாட்டிஃபை கணக்கு வகுப்பில் ஒலிபரப்புவதற்கானது அல்ல. மண்டபத்துக்கு ஏற்கெனவே உரிமம் இருந்தால் அது உங்கள் வகுப்பையும் உள்ளடக்குமா என்று குழுவிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மண்டபத்தில் தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஒரு சிக்கல். அங்கே செருப்புப் போடக் கூடாது. எல்லோரும் வெறுங்காலோடுதான் பயிற்சி செய்ய வேண்டும். மேலும் புரட்டாசி மாதத்தில் பலர் விரதம் இருப்பார்கள். இவற்றை எப்படிச் சமாளிப்பது?

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க், பயோகினெடிசிஸ்ட்)

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். நீண்ட காலச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு, தரையில் கிடக்கும் ஒரு சிறு கல்லோ ஊசியோ குத்தினாலும் தெரியாது. அந்தக் காயம் புண்ணாகி விரலை இழக்கும் நிலைக்குக்கூடக் கொண்டுபோகும். ஆகவே அவர்களுக்கு வெறுங்கால் பயிற்சி கூடாது. வெளியில் ஒருபோதும் போடாத, மண்டபத்துக்கென்றே வாங்கிய சுத்தமான ரப்பர் அடி ஷூவை அனுமதிக்கும்படி குழுவுக்குக் கடிதம் எழுதுங்கள், அதில் காரணத்தையும் விளக்குங்கள். சந்நிதிக்கும் மண்டபத்துக்கும் தனி வாசல் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். காரணம் புரிந்தால் பெரும்பாலான குழுக்கள் மறுக்கமாட்டார்கள். மறுத்தால், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வேறு இடத்தில் வகுப்பு நடத்துங்கள். வெறும் காலுறை வழுக்கும், அதை மாற்றாகக் கருத வேண்டாம்.

புரட்டாசியில் மாமிசம் தவிர்ப்பதால் மட்டும் பயிற்சிக்கு இடையூறு இல்லை. பருப்பும் தயிரும் போதுமான அளவு சேர்த்துக்கொள்ளச் சொன்னால் போதும். ஒரு வேளை உணவோடு நிறுத்துபவர்களும், சனிக்கிழமை முழு உபவாசம் இருப்பவர்களும் வேறு வகை. இன்சுலினோ நான் முன்பு சொன்ன மாத்திரைகளோ எடுப்பவராக இருந்தால், விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும், உணவைத் தவிர்த்த நாளில் உங்கள் வகுப்புக்கு வரக் கூடாது. இதை ஆகஸ்ட் மாதமே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். விரத நாளில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்புவது இருவருக்குமே மனவருத்தமாக இருக்கும்.