தோற்றதை மறைத்தால் நாட்டுக்கு நல்லதா?

குன்னூர்வாசி:
மானெக்‌ஷா கடைசிக் காலத்தில் இருந்தது நம் குன்னூரில், 2008இல் இறந்தது வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில். ராணுவத் தளபதியாக 1971இல் பாகிஸ்தானை அவர் ஜெயித்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். எதிர்ப்பக்கம் அந்தத் தோல்வியைத் தன் மக்களிடம் எப்படிச் சொன்னது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. 1971 டிசம்பர் 16, டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைந்து கையெழுத்துப் போட்டார். சுமார் 93,000 பேர் கைதிகள். பாகிஸ்தான் அறிவிப்போ, உள்ளூர் தளபதிகள் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி கிழக்கில் சண்டை நின்றது, இந்தியப் படை டாக்காவுக்குள் வந்திருக்கிறது என்றது. சரணடைந்தது பற்றி மூச்சே இல்லை. போர் தொடரும் என்று அதிபர் யாஹ்யா கான் வேறு பேசினார். நாலே நாளில் பதவி போனது. இப்படி மறைக்கிற அரசு தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறது.

சுபேதார் (ஓய்வு):
தம்பி, பட்டாளத்தில் இருந்தவன் சொல்கிறேன். சண்டை நேரத்து வானொலியை எதிரியும்தான் கேட்கிறான். 1940 ஜூனில் பிரிட்டனின் லங்காஸ்ட்ரியா கப்பலை ஜெர்மானியர் பிரான்ஸ் கரையோரம் குண்டு போட்டு மூழ்கடித்தார்கள். ஆயிரக்கணக்கில் சாவு. சர்ச்சில் செய்தியை அமுக்கினார், ஜூலைக் கடைசியில்தான் வெளியே வந்தது. பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்த வாரத்தில் இதையும் சொல்லி லண்டன் மக்களை உடைக்க வேண்டுமா? 1962இல் வடகிழக்கில் பொம்டிலா நகரம் சீனாவிடம் போனதும் நேரு மறைக்காமல் வானொலியில் சொல்லி, அசாம் மக்களுக்காக மனம் உருகினார். கைகழுவிவிட்டார் என்ற பேச்சுதான் அங்கே மிஞ்சியது.

குன்னூர்வாசி:
ஐயா, செய்தியைத் தள்ளிப்போடுவது வேறு, தோற்றதை வெற்றி என்று முரசடிப்பது வேறு. ஜப்பானைப் பாருங்கள். 1942 ஜூனில் அமெரிக்காவுடன் நடந்த மிட்வே கடற்போரில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் போயின; ஒன்றுதான் மூழ்கியது என்றார்கள். காயம்பட்டுத் திரும்பிய மாலுமிகளை யாரும் பார்க்க முடியாதபடி மருத்துவமனையில் தனியே அடைத்து வைத்தார்கள். இதைவிட மோசம் 1944 அக்டோபர், தைவான் பக்கத்துக் கடல். பயிற்சி போதாத விமானிகள், கடலில் எரிந்ததெல்லாம் அமெரிக்கக் கப்பல் என்று வந்து சொன்னார்கள். 11 விமானந்தாங்கிகளை மூழ்கடித்ததாகத் தலைமையகம் அறிவித்தது, பேரரசரே பாராட்டினார். உண்மையில் ஒன்றுகூட மூழ்கவில்லை. இரண்டு குரூசர்களுக்குப் பலத்த சேதம், அவ்வளவுதான். கடற்படைக்கு விஷயம் புரிந்த பிறகும் தரைப்படையிடம் வாய் திறக்கவில்லை. தரைப்படை அந்த வெற்றியை நம்பி, பிலிப்பைன்ஸின் லூசானில் போரிட வைத்திருந்த திட்டத்தை மாற்றி லெய்ட்டே தீவில் ஆட்களைக் கொண்டுபோய்க் கொட்டியது. பெரும்பாலோர் திரும்பவே இல்லை. 1967 ஜூனிலும் இதே கூத்து: இஸ்ரேல் தாக்கி எகிப்தின் விமானங்கள் தரையிலேயே எரிய, கெய்ரோ வெற்றிச் செய்தி வாசித்தது. நம்பி இறங்கிய ஜோர்டான் மேற்குக் கரையை இழந்தது.

கூடலூர் தேயிலை:
எங்கள் வீட்டில் இது புத்தக விஷயம் இல்லை அண்ணா. தாத்தா சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து வந்து தோட்டத்தில் பெயர் பதிந்தவர். சொந்தத்தில் பாதி அங்கேயே. ராத்திரியானால் லைன் வீட்டில் பிபிசி தமிழோசைதான். 2000 ஏப்ரலில் ஆனையிறவு ராணுவத் தளம் புலிகளிடம் விழுந்தபோது, படையினர் புதிய நிலைகளுக்கு நகர்ந்துள்ளனர் என்றது கொழும்பு. அடுத்த மாதம் தணிக்கையும் இறுகியது. சரி, அரசாங்கம் அப்படித்தான். 2009 ஜனவரியில் புலிகளின் கையை விட்டுக் கிளிநொச்சி போனபோது நம் பக்கத்து ஆட்களும் "தந்திரோபாயப் பின்வாங்கல்" என்றுதானே எழுதினார்கள்? என் சித்தப்பா போர் முடிந்த மே மாதம் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் ரேடியோவைத் தொடவே இல்லை. அரசை மட்டும் திட்டினால் பாதிக் கதைதான்.

சுபேதார் (ஓய்வு):
பாப்பா சொல்வது நியாயம். ஆனால் தம்பி, நீங்கள் சொன்னவர்கள் எல்லாம் தோற்றவர்கள். சர்ச்சில் மறைத்தார், ஜெயித்தாரே?

குன்னூர்வாசி:
பிரான்ஸின் டன்கிர்க் கரையில் சிக்கிய 3,38,000 பேரை மீட்ட கையோடு, படையை மீட்டுக்கொண்டு வருவதால் போரில் ஜெயிக்க முடியாது என்று நாடாளுமன்றத்தில் சொன்னவரும் அவர்தான். அந்தப் பேச்சால்தான் அடுத்தடுத்து அவர் சொன்னதை ஜனங்கள் நம்பினார்கள். நேரு மறைக்கவில்லை என்றீர்கள். 1962 தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை எந்த அரசும் இன்னும் முழுதாக வெளியிடவில்லையே, அது?

சுபேதார் (ஓய்வு):
எல்லைத் தகராறு தீரவில்லை, எந்தக் கணவாயை எப்படிக் காத்தோம் என்று சீனாவுக்குப் பாடம் எடுக்கச் சொல்கிறீர்களா? அந்தப் பக்கங்கள் பூட்டியே இருக்கட்டும். யார் முடிவெடுத்தார், யார் எச்சரித்தும் கேட்கவில்லை என்பதை வெளியிடட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.