கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா: புதுப்பிப்பு

ஈரோட்டு வீட்டு ஹாலுக்கு கிளாஸ் ஏபி வகை ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) நல்லதா, கிளாஸ் டி வகை நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் கொண்டுவந்து கேட்டாயிற்று, டியை வைத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்திவிட்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாமாவைக் கேட்கவைத்தேன். "ரெண்டும் ஒண்ணாட்டத்தான இருக்குது மாப்ளே" என்றார். எனக்கும் அப்படித்தான். சமப்படுத்தாமல் கேட்டால், கொஞ்சம் சத்தமாக ஓடுவதையே நல்ல ஒலி என்று காது சொல்லிவிடும்.

டி என்றால் டிஜிட்டல் என்று சிலர் பயமுறுத்தினீர்கள். அப்படியில்லை. டிரான்சிஸ்டர்கள் முழுதாக ஆன், முழுதாக ஆஃப் என்று மாறுகின்றன, அதனால் சூடு குறைவு. கிளாஸ் ஏ என்ற இன்னொரு வகை, பாட்டு ஓடாதபோதும் மின்சாரம் தின்று சூடேறும். சித்திரை வெயிலில் அது யாருக்கு வேண்டும்? டியில் கவனிக்க வேண்டியது வெளியீட்டு ஃபில்டர், அதாவது அந்த ஆன்-ஆஃப் துடிப்புகளை வடிகட்டிப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும் பகுதி. ஃபீட்பேக்கை (பிழை திருத்த, வெளியீட்டில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்புவது) அதற்கு முன்பே எடுக்கும் டிசைன்களில், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸைப் (அது மின்சாரத்துக்குக் காட்டும் தடையை) பொறுத்து ட்ரெபிள் (உச்ச ஒலி) ஏறி இறங்கும். பின்னால் எடுத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

மாற்றம் பளிச்சென்று தெரிந்தது ஸ்பீக்கரைச் சுவரைவிட்டு நகர்த்தியபோதுதான். பேஸ் (தாழ்ந்த ஒலி) முழக்கம் அடங்கியது. அப்புறம் பவானி ஜமுக்காளத்தைச் சுவரில் தொங்கவிட்டேன்: ட்ரெபிள் எதிரொலி குறைந்தது, பேஸை அது தொடவேயில்லை. அதற்கு அடுத்து மூலைகளில் ஒலியை உறிஞ்சும் தடிமனான பேனல் வைத்துப் பார்க்க வேண்டும்.