எல்எல்சி ஆப்பரேட்டிங் அக்ரிமென்ட்ல கையெழுத்தே போடல, நியூஜெர்சியில லாபம் 65-35ஆ 50-50ஆ? உதவி வேணும்

மாவுக்கடை_எடிசன்:
எல்லாருக்கும் வணக்கம். எடிசன்ல நானும் ஒரு நண்பரும் சேந்து இட்லி தோசை மாவு அரைச்சு இந்தியன் கடைகளுக்குப் போடுறோம், ரெண்டு பேரும் மெம்பரா (பங்குதாரரா) எல்எல்சிங்கற கம்பெனி ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. நான் 65,000 டாலர் போட்டேன், அவர் 35,000. லாபமும் இதுவரை அதே கணக்குலதான் எடுத்தோம். லாபத்தை எப்படிப் பிரிக்கணும், கம்பெனியை எப்படி நடத்தணும்னு மெம்பருங்க போட்டுக்கற ஒப்பந்தத்துக்குத்தான் ஆப்பரேட்டிங் அக்ரிமென்ட்னு பேரு. போன வாரம் அவர் திடீர்னு "நம்மகிட்ட ஆப்பரேட்டிங் அக்ரிமென்ட்டே இல்ல, அப்ப சட்டப்படி சரிபாதிதான், பழைய பாக்கியையும் குடு"ங்கறாரு. அதோட இன்னொரு யூனிட்டுக்கு 5 வருஷ லீஸ் வேற பேசிட்டிருக்காரு, எனக்கு அதுல இஷ்டமே இல்ல. ஆரம்பத்துல நெட்ல அந்த அக்ரிமென்ட்டுக்கு ஒரு டெம்ப்ளேட் எடுத்து நிரப்பி அவருக்கு மெயில்ல அனுப்பினேன், "ஓகே பாத்துக்கலாம்"னு பதில் போட்டாரு, அதோட சரி. நேத்து அதைத் திறந்து பாக்குறேன், மாநிலம் பேர் எழுதுற இடம்கூட காலியா கெடக்கு. இந்தப் பேப்பருக்கு ஏதாவது மதிப்பு இருக்கா? தூக்கமே வரல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டல்லாஸ்_தம்பி:
அண்ணா பயப்படாதீங்க. யார் எவ்ளோ போட்டாங்களோ அந்தக் கணக்குப்படிதான் லாபம். நான் டெலவேர்ல எல்எல்சி பதிஞ்சப்ப அப்படித்தான் சொன்னாங்க.

பார்சிப்பனி_அக்கா:
தம்பி, டெலவேருக்கு நீங்க சொல்றது சரிதான், அங்க அக்ரிமென்ட்ல ஒண்ணும் சொல்லலன்னா போட்ட முதலோட மதிப்பை வச்சுப் பிரிப்பாங்க. ஆனா இவர் பதிஞ்சது நியூஜெர்சியில, இங்க 2013ல வந்த புது எல்எல்சி சட்டம், 2014 மார்ச்லேருந்து பழைய கம்பெனிகளுக்கும் அதேதான், அதுல வேற மாதிரி பேசி வைக்கலன்னா கம்பெனி நடக்குற காலத்துல குடுக்குற பணம் எல்லா மெம்பருக்கும் சமம்னு இருக்கு. 42:2சி-34ங்கற பிரிவு. யார் எவ்ளோ போட்டாங்கங்கறதை அது பாக்காது. உங்க நண்பர் அதைத்தான் படிச்சிருக்காரு.

ஆனா அவர் பாதியைத்தான் படிச்சிருக்காரு. அதே சட்டம் ஆப்பரேட்டிங் அக்ரிமென்ட்னா என்னன்னு சொல்றப்ப எழுத்துல இருக்கலாம், வாயால பேசினதா இருக்கலாம், நடந்துக்கிட்ட விதத்துலேருந்து தெரியறதா இருக்கலாம், எல்லாம் கலந்தும் இருக்கலாம்னுதான் சொல்லுது. அதனால கையெழுத்து இல்லன்னா அக்ரிமென்ட்டே இல்லங்கறது தப்பு. உங்க டெம்ப்ளேட்டை நான் பெருசா நம்பமாட்டேன், "ஓகே பாத்துக்கலாம்"ங்கறது சம்மதம் மாதிரியும் இருக்கு தள்ளிப்போட்ட மாதிரியும் இருக்கு. மூணு வருஷமா ரெண்டு பேரும் 65-35னு எடுத்தீங்க பாருங்க, அதுதான் உங்க பலம். வருஷா வருஷம் கம்பெனிக்கு 1065ங்கற டாக்ஸ் ஃபாரம் போடறப்ப ஆளுக்கொரு கே-1, அதாவது அவங்கவங்க பங்கைக் காட்டுற பேப்பர், வந்திருக்கும், அதுல ஜே-ன்னு ஒரு கட்டத்துல லாபம், நஷ்டம், முதல் மூணுக்கும் சதவீதம் போட்டிருக்கும். அதை எடுத்துப் பாருங்க. அவர் கே-1லயும் 35ன்னு இருந்து, அதை வச்சே அவர் தன்னோட டாக்ஸ் கட்டியிருந்தாருன்னா, இப்ப வந்து பாதின்னு கேக்குறது சுலபமில்ல. நான் வக்கீல் இல்ல, வக்கீல் ஆபீஸ்ல பேப்பர் பாக்குற வேலை, அதனால கண்டிப்பா ஒரு வக்கீல்கிட்டயும் காட்டுங்க.

லீஸ் விஷயம் அவசரம். ரெண்டே மெம்பர், ரெண்டு பேரும் சேந்து நடத்துறீங்க, அன்றாட வேலைக்கு மெஜாரிட்டி போதும்னாலும் ரெண்டு பேர்ல மெஜாரிட்டின்னா ரெண்டு பேரும்தான், வழக்கத்துக்கு மேல போற முடிவுக்கு எல்லாரோட சம்மதமும் வேணும்னு சட்டமே சொல்லுது. மெம்பரா இருக்கறதாலயே ஒருத்தர் கம்பெனி பேர்ல கையெழுத்துப் போட்டுட முடியாது. ஆனா அந்த பில்டிங் ஓனருக்கு இது தெரியாது, இவர்தான் முதலாளின்னு நம்பிப் போட்டுட்டாருன்னா அப்புறம் உங்களுக்குத்தான் தலைவலி. எனக்கு சம்மதம் இல்லன்னு இன்னைக்கே நண்பருக்கும் ஓனருக்கும் எழுத்துல அனுப்பிடுங்க.

மாவுக்கடை_எடிசன்:
ரொம்ப நன்றிக்கா, ஓனருக்கு இப்பத்தான் மெயில் போட்டேன். இவ்ளோ தூரம் வந்தப்புறம் அவரை எல்எல்சிலேருந்து வெளிய அனுப்பவே முடியாதா?

மிடில்செக்ஸ்காரன்:
அவசரப்படாதீங்க சார். ஐஇ டெஸ்ட் எதிர் கேரல்னு நம்ம மாநில சுப்ரீம் கோர்ட் கேஸ் இருக்கு, 2016. மூணு மெம்பர், எழுத்துல அக்ரிமென்ட் கெடையாது, அக்ரிமென்ட் எப்படி இருக்கணும்னே ஒத்துப்போகல, ரெண்டு பேர் சேந்து மூணாவது ஆளைத் தூக்கப் பாத்தாங்க. கருத்து ஒத்துப்போகலங்கறது மட்டும் போதாது, அவரை வச்சுக்கிட்டு கம்பெனியை நடத்தவே முடியாதுங்கற நெலமையைக் காட்டணும்னு சொல்லி கோர்ட் கேஸைத் திருப்பி அனுப்பிடுச்சு. மூணு பேர்ல ரெண்டு பேர் மெஜாரிட்டியில ஓட்டிக்கலாமேங்கறதையும் பாத்தாங்க. உங்களுக்கு அந்த வழியும் இல்ல, முட்டிக்கிட்டா அப்படியே நிக்கும்.

கம்பெனியையே மூடினா கடன்காரங்களுக்குப் போக மிச்சத்துல முதல்ல அவங்கவங்க போட்ட பணத்துல திரும்ப வராத பாகம், அதுக்கப்புறம் இருக்கறது சமமா. அதாவது உங்க 65,000க்கு முன்னுரிமை இருக்கு, ஆனா மூணு வருஷமா சேத்த கடைக்காரங்க பழக்கத்தை யார் திருப்பித் தருவா? நானும் ஒரு பார்ட்னர்கூட சண்டை போட்டு மூடினவன், வெட் கிரைண்டரை வித்தா பாதி விலைகூட வரல. பேசி முடிங்க சார்.

மாவுக்கடை_எடிசன்:
மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். கே-1 எடுத்துப் பாத்தேங்க்கா, மூணு வருஷமும் அவருக்கு 35, எனக்கு 65னே இருக்கு. வக்கீலும் கிட்டத்தட்ட நீங்க சொன்னதையேதான் சொன்னாரு. அந்த மூணு பேப்பரையும் மேசையில வச்சதும் நண்பர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம்தான் மனசுல இருந்ததைச் சொன்னாரு, தினம் காலையில நாலு மணிக்கு வேன் ஓட்டி டெலிவரி பண்றது நான், அதுக்கு ஒரு பைசா கணக்குல வரலையேன்னு. அது நியாயம்தான், நான் யோசிக்கவே இல்ல. பழசு பழசாவே இருக்கட்டும், இந்த ஜூலை ஒண்ணுலேருந்து 60-40, லீஸ் வேண்டாம், முட்டிக்கிட்டா முதல்ல மீடியேஷன் (நடுவுல ஒருத்தரை வச்சுப் பேசறது), அப்புறமும் ஆகலன்னா ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் வெளி ஆள் போடற மதிப்புக்கு வாங்கிக்கணும்னு எழுதி 14 பக்கம் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பார்சிப்பனி_அக்கா:
நல்லா இருங்கப்பா. ஒண்ணே ஒண்ணு, வருஷ நடுவுல சதவீதம் மாறியிருக்கு, டாக்ஸ் கணக்குப் போடற சிபிஏகிட்ட அந்த ஜூலை தேதியை இப்பவே சொல்லிடுங்க, இல்லன்னா பழைய 65ஐயே இந்த வருஷ கே-1லயும் போட்டுடுவாங்க.