விபிஎன் போட்டால் எல்லாவற்றையும் உள்ளே விடாதீர்கள்: வெளிநாடு வந்தவர்களுக்கும் வரப்போகிறவர்களுக்கும்

லண்டனிலிருந்து லீவில் ஊருக்கு வந்து, மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் நிற்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த மாதம் லண்டனுக்குப் படிக்கப் போகிறான். நேற்றுப் பின்னேரம் போனையும் லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "அண்ணன், அங்க போனாப் பிறகு ஊர் பாங்க், ஊர் டிவி எல்லாம் வேலை செய்யுமா? எந்த விபிஎன் போட?" என்று கேட்டான். விபிஎன் என்றால் நம் இணையப் போக்குவரத்தை வேறொரு இடத்தில் உள்ள சேர்வர் (கணினி) வழியாக விடுவது, தளங்களுக்கு நாம் அந்த இடத்தில் இருப்பது போலத் தெரியும். எந்த விபிஎன் என்பதைப் பிறகு பார்க்கலாம், அதற்குள் எதை விடுவது எதை விடக்கூடாது என்பதை முதலில் படி என்றேன். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் வந்த புதிதில் எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

நான் பட்டது இது. ஊர் வங்கியின் தளம் லண்டனிலிருந்து திறக்கவில்லை. சரி என்று கொழும்பு சேர்வர் உள்ள ஒரு விபிஎன்னைப் போட்டேன், வேலை முடிந்தது, அணைக்க மறந்துவிட்டேன். அன்று பின்னேரம் கடையில் பாணும் முட்டையும் எடுத்து லண்டன் வங்கிக் கார்டைத் தட்டினேன், பஸ்ஸில் ஏறியதும் அதே வங்கியின் செயலியைத் திறந்து மிச்சம் எவ்வளவு என்று பார்த்தேன். வங்கியின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கார்ட் லண்டனில், ஆள் கொழும்பில், நடுவில் இருபது நிமிடம். கணக்கைப் பூட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை, திங்கள் வாடகை கட்ட வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனில் அந்த ஒரே இசையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் என்ன நடந்தது என்று விளங்கப்படுத்தியவர் எங்களோடு வேலை செய்த அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவர் (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்போம்). "தம்பி, நீங்க எல்லாத்தையுமா அதுக்குள்ள விட்டீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், குருமண்வெளியில் பாதை ஏறி வாவியைக் கடந்தால் மண்டூர். (வெளியூர்க்காரருக்கு: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவை.) மண்டூர்க் கோயிலுக்குப் போகிறவர் பாதையில் ஏற வேண்டும், சரி. களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனைக்குப் போகிறவரையும் பிடித்து ஏற்றி, மண்டூரைக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து பிறகு பஸ் ஏற்றினால்? சும்மா விபிஎன் போட்டால் நடப்பது அதுதான். லண்டன் வங்கி, லண்டன் வரைபடம், பக்கத்துத் தெருக் கடையின் செயலி எல்லாம் சுமார் 8,700 கிலோமீற்றர் கொழும்புக்குப் போய்த் திரும்பி வருகின்றன. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. யார் பாதை ஏறுவது, யார் நேரே ரோட்டில் போவது என்று பிரிப்பதற்குப் பெயர் ஸ்பிளிட் டனலிங். இரண்டு விதமாகப் பிரிக்கலாம்: எல்லாம் விபிஎன்னில், சொன்னவை மட்டும் வெளியே, அல்லது எல்லாம் வெளியே, சொன்னவை மட்டும் விபிஎன்னில். புலம்பெயர்ந்தவனுக்கு இரண்டாவதுதான் நிம்மதி.

அதற்கு முன் ஒன்று. நம்மூரில் பலருக்கு விபிஎன் அறிமுகமானதே 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை முடக்கியபோதுதான். அந்த அவசரத்தில் கையில் கிடைத்த இலவசச் செயலியைப் போட்டோம், அது இன்னும் போனில் கிடக்கிறது. அதை முதலில் கழற்றுங்கள். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத பாதையில் வங்கி வேலையை ஏற்றக்கூடாது.

அன்ட்ரொய்ட் போன் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். 2014இல் வந்த அன்ட்ரொய்ட் 5 முதலே, எந்தச் செயலி விபிஎன்னுக்குள், எது வெளியே என்று பிரிக்கும் வசதி இயங்குதளத்திலேயே இருக்கிறது. விபிஎன் செயலியின் செட்டிங்ஸில் ஸ்பிளிட் டனலிங் என்று தேடுங்கள், சேர்ஃப்ஷார்க் மட்டும் அதை பைபாசர் என்று அழைக்கிறது. நான் செய்வது, தம்பிக்கும் செய்து கொடுத்தது: ஊர் வேலைக்கென்று ஒரு பிரவுசரை ஒதுக்குவது. பயர்பொக்ஸ் விபிஎன்னுக்குள், குரோம் வெளியே, வேறு எதையும் தொடவில்லை. களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு கொழும்பு சேர்வரைப் போட்டால் வித்தியாசம் தெரியாது, அதனால் லண்டன் சேர்வரைப் போட்டு, இரண்டு பிரவுசரிலும் என் ஐபி (இணையத்தில் நம் இணைப்பின் முகவரி எண்) என்ன என்று தேடச் சொன்னேன். பயர்பொக்ஸ் லண்டன் என்றது, குரோம் இலங்கை என்றது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ மந்திரம் செய்த மாதிரி. நீங்களும் இப்படிச் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

அன்ட்ரொய்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. போனின் விபிஎன் செட்டிங்ஸில், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு என்று ஒரு சுவிட்ச். அது போட்டிருந்தால், நீங்கள் வெளியே விட்ட செயலிகளுக்கு இணையமே இருக்காது. ஸ்பிளிட் டனலிங் வேலை செய்யவில்லை என்று எனக்குத் தனியாக எழுதிக் கேட்ட இரண்டு பேருக்கும் இதுதான் காரணம். இன்னொன்று, பட்டியலை மாற்றினால் அந்தச் செயலியை முழுதாக மூடித் திறவுங்கள், இல்லாவிட்டால் பழைய இணைப்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஐபோனில் இந்த விளையாட்டு இல்லை. செயலி வாரியாகப் பிரிப்பதை அப்பிள், நிறுவனங்கள் நிர்வகிக்கும் போன்களுக்கு மட்டும் வைத்திருக்கிறது. சொந்தப் போனில் உள்ள வழி, தேவைப்படும்போது போட்டு முடிந்ததும் அணைப்பது. சில விபிஎன் செயலிகள், வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் ஐபோனின் ஷோர்ட்கட்ஸ் செயலியுடன் சேரும், அதில் ஊர்ச் செயலியைத் திறந்தால் போடு, மூடினால் அணை என்று எழுதி வைக்கலாம். என்னைப் போல மறதிக்காரருக்கு அது உதவும்.

விண்டோஸில் பெரும்பாலான விபிஎன் செயலிகள் அன்ட்ரொய்ட் போலவே பிரித்துத் தரும். விண்டோஸிலேயே உள்ள விபிஎன்னைப் பாவித்தால், கொன்ட்ரோல் பனலில் நெட்வேர்க் கனெக்‌ஷன்ஸுக்குப் போய், அந்த இணைப்பின் புரொப்பர்ட்டீஸில் ஐபிவி4, அட்வான்ஸ்ட் என்று உள்ளே இறங்கினால், ரிமோட் நெட்வேர்க்கின் டிஃபோல்ட் கேட்வேயைப் பாவி என்று ஒரு சரி அடையாளம் இருக்கும். அதை எடுத்துவிட்டால் விபிஎன்னின் மறுமுனையில் உள்ள நெட்வேர்க்குக்கான போக்குவரத்து மட்டும் விபிஎன்னில் போகும், மிச்சம் நேரே. மேக்கில் நிலைமை கொஞ்சம் இழுபறி: 2020இல் மேக்கின் பிக் சர் இயங்குதளம் வந்த கையோடு பல நிறுவனங்கள் இந்த வசதியை எடுத்தன, சில திரும்பக் கொண்டுவந்தன. காசு கட்டமுன் மேக்கில் உண்டா என்று தனியாகப் பாருங்கள்.

வேலை லப்டொப்பில் கொம்பனி போட்டுத் தந்த விபிஎன்னில் கை வைக்காதீர்கள். எது உள்ளே எது வெளியே என்பது அவர்கள் தீர்மானிக்கிற விஷயம். 2020 கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்து கொம்பனி விபிஎன்கள் திணறியபோது, கூட்டம் நடத்தும் டீம்ஸ் போன்றவற்றை நேரே விடுங்கள் என்று மைக்ரோசொஃப்டே ஆலோசனை சொன்னது. அதைக் கொம்பனி ஐடி செய்யும், நாம் செய்வதில்லை.

டிவி: அன்ட்ரொய்ட் டிவி, ஃபயர் டிவி என்றால் செயலி போடலாம், அப்பிள் டிவியில் 2023இல் வந்த டிவிஓஎஸ் 17 முதல் போடலாம். சாம்சுங், எல்ஜியின் சொந்த இயங்குதளத்தில் வழக்கமான விபிஎன் செயலிகள் இல்லை, ரூட்டரில்தான் செய்ய வேண்டும். ஏசுஸ் ரூட்டர்கள் சிலவற்றில் விபிஎன் ஃபியூஷன் என்று இருக்கிறது, டிவி மட்டும் விபிஎன்னில், போன்கள் நேரே என்று கருவி வாரியாகப் பிரிக்கும்.

இனி, அம்மா வீட்டையே சேர்வராக்கும் யோசனை. நான் செய்திருக்கிறேன். பழைய லப்டொப் ஒன்றில், நம் சொந்தக் கருவிகளை ஒரு தனி விபிஎன்னாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டு, இந்த வீட்டை என் போக்குவரத்து இணையத்துக்கு வெளியேறும் வாசலாக வைத்திருக்கிறேன். ஊர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி இருக்காது, டெயில்ஸ்கேல் அதைச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் கரண்ட் போனால் வாசல் பூட்டு. அதோடு நீங்கள் அங்கே பார்க்கிற ஒவ்வொரு படமும் இங்கே வீட்டு இணைப்பில் இறங்கி, திரும்ப ஏறிப் போகிறது. "மனே, உண்ட அக்காவோட கதைக்கேக்க படம் அப்படியே நிக்கிது" என்று அம்மா முறையிட்ட பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அன்று முதல் ஒரே ஒரு பிரவுசர்தான் இந்த வாசலால் வருகிறது. வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளைத் தாங்களே போடுகிறவர்கள், ஊர் வீட்டு நெட்வேர்க்கை மட்டும் எட்ட வேண்டுமென்றால், எந்த முகவரிகள் விபிஎன்னில் போக வேண்டும் என்று எழுதும் அலவ்ட் ஐபிஸில் 0.0.0.0/0 (எல்லாம் என்று அர்த்தம்) என்பதை எடுத்துவிட்டு 192.168.1.0/24 என்று வீட்டு எண்ணை மட்டும் கொடுங்கள். லண்டன் வீட்டிலும் அதே எண் இருந்தால் இரண்டும் முட்டும், ஒரு மணித்தியாலம் தலையைப் பிய்ப்பீர்கள். ஊரில் நிற்கும்போதே ரூட்டரில் 192.168.57 மாதிரி மாற்றிவிடுங்கள்.

துபாய், அபுதாபி போகிறவர்கள் இதையெல்லாம் அப்படியே செய்ய வேண்டாம். அங்கே 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில், குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பாவித்தால் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹாம் வரை அபராதமோ சிறையோ இரண்டுமோ இருக்கிறது. கொம்பனி வேலைக்குப் பாவிப்பது வேறு, தடுத்த வாட்ஸ்அப் அழைப்பை எடுக்கப் பாவிப்பது வேறு. அனுமதித்த செயலியில் அம்மாவோடு கதையுங்கள்.

எல்லாம் செய்துவிட்டு எழும்பும்போதுதான் தம்பி கேட்டான், "அப்ப ஓடிபி எப்படி வரும் அண்ணன்?" வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஒருமுறை இரகசிய எண்ணைத்தான் கேட்கிறான். நல்ல கேள்வி. விபிஎன் எதுவும் அதற்கு உதவாது. அது ஊர் சிம்முக்குத்தான் வரும், ரோமிங்கைத் திறக்காமல் விமானம் ஏறினால் வராது. இன்று காலை கடைக்குப் போயிருக்கிறான், ரோமிங் போட.