கமிலா ராணி ஆனார், பிலிப் ஏன் ராஜா ஆகவில்லை?

கயல்விழி:
எலிசபெத் ராணியோடு 73 ஆண்டுகள் வாழ்ந்த பிலிப் கடைசிவரை இளவரசர்தான். சார்லஸ் அரியணை ஏறிய அன்றே அவர் மனைவி கமிலா ராணி ஆகிவிட்டார். இது என்ன கணக்கு? மணம் முடித்து வருபவருக்குப் பட்டம் தானாக வருமா, யாராவது கொடுக்க வேண்டுமா?

நெடுஞ்செழியன்:
பிரிட்டனில் மனைவிக்குக் கணவரின் தகுதி தானாகவே வந்துசேரும், எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. 1923இல் எலிசபெத் போவ்ஸ்-லியான் (எலிசபெத் ராணியின் தாய்) அரசரின் இரண்டாம் மகனை மணந்தபோது அரசிதழான லண்டன் கெஸட்டில் வந்த அறிவிப்பு புதிதாக எதையும் தரவில்லை. இந்த விதியைச் சுட்டிக்காட்டியதோடு சரி. கமிலாவுக்கும் அதுவே. கமிலா ராணி எனப்பட வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் எலிசபெத் ராணி சொன்னது அவருடைய விருப்பம். சார்லஸ் அரசரான செப்டம்பர் 8 அன்று கமிலாவை ராணியாக்கியது விதி.

கணவருக்கு அந்த விதி கிடையாது. ஒவ்வொன்றையும் அரசரோ அரசியோ எழுதித் தர வேண்டும். பிலிப்பைப் பாருங்கள்: கிரேக்க, டேனிஷ் பட்டங்களைத் துறந்து வெறும் லெப்டினன்ட் மவுண்ட்பேட்டன் ஆனார். 1947 நவம்பர் 19 அன்று 'ராயல் ஹைனஸ்' என்று அழைக்கப்படும் மரியாதை, மறுநாள் திருமண நாளில் எடின்பரோ கோமகன் (டியூக்) பட்டம். ஐக்கிய இராச்சியத்தின் இளவரசர் என்ற பட்டத்துக்கு 1957 பிப்ரவரி 22 வரை காத்திருந்தார். அதற்குள் மனைவி அரியணை ஏறி ஐந்து ஆண்டு ஆகிவிட்டது!

ராஜா என்றால் ஆள்பவர். அதைக் கணவருக்குக் கொடுப்பது நாடாளுமன்றத்தின் வேலை. 1554இல் இங்கிலாந்து அரசி முதலாம் மேரியை மணந்த ஸ்பெயின் பிலிப்புக்கு அப்படிச் சட்டம் போட்டே ராஜா பட்டம் கொடுத்தார்கள். 1558இல் மேரி இறந்ததும் அதுவும் போயிற்று. தமிழில் 'ராணி' என்ற ஒரே சொல்லை ஆளும் அரசிக்கும் அரசர் மனைவிக்கும் சொல்வதால்தான் இந்தக் குழப்பம். கமிலாவைப் பட்டத்தரசி என்று எழுதினால் பொருள் சரியாக விழும்.

கயல்விழி:
நன்றி, இப்போது புரிகிறது. 'இளவரசி டயானா', 'இளவரசி கேத்தரின்' என்று எழுதுகிறார்களே, அது சரியா?

தமிழினி:
முறைப்படி இரண்டும் தவறு. சொந்தப் பெயருக்கு முன்னால் 'இளவரசி' வருவது சார்லஸின் தங்கை ஆன் போல அரச குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு. மணந்து வந்தவருக்குக் கணவரின் பட்டம்தான்: வேல்ஸ் இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரின் 'வேல்ஸ் இளவரசி'. கெண்ட் குடும்பத்து இளவரசர் மைக்கேலின் மனைவியை 'இளவரசி மைக்கேல்' என்று அழைப்பதும் இதனால்தான். கேட்க விசித்திரம், ஆனால் விதிப்படி சரி.

மணமுறிவில் வரிசை மாறும். 'டயானா, வேல்ஸ் இளவரசி' என்று பெயர் முன்னால் போய்ப் பட்டம் பின்னால் வரும். பிரபுக்களின் விவாகரத்தான மனைவியருக்குரிய வடிவம் அது. 'ராயல் ஹைனஸ்' மட்டும் தனியாகப் பறிக்கப்பட்டது: 1996 ஆகஸ்ட் 21 அன்று முத்திரைச் சாசனம் (அரசி முத்திரையிட்டுத் தரும் ஆணை), 28 அன்று விவாகரத்து உறுதியானது. தேதிகளைக் கவனியுங்கள், ஒரு வாரம் முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்.

மணிமாறன்:
தானாக வருவதைத் தடுப்பதற்கும் ஒரு தாள் வேண்டும். எட்டாம் எட்வர்ட் முடி துறந்து வாலிஸ் சிம்சனை மணந்தது 1937 ஜூன் 3. மே 27 அன்றே சாசனம் வந்துவிட்டது: 'ராயல் ஹைனஸ்' வின்ட்சர் கோமகன் ஆகிவிட்ட எட்வர்டுக்கு மட்டும், மனைவிக்கு இல்லை. அதனால் வாலிஸ் வின்ட்சர் கோமகள் ஆனாரே தவிர அந்த மரியாதை கடைசிவரை கிடைக்கவில்லை. அரசர் மகனுக்குப் பிறப்பிலேயே உள்ள ஒன்றை அவருக்கே புதிதாகத் தருவதுபோல் எழுதி, மனைவியை விலக்கியது சட்டப்படி செல்லாது என்ற வாதம் அப்போதே எழுந்தது. என் கருத்தும் அதுதான்.

இதே அடி நம் பக்கத்திலும் விழுந்திருக்கிறது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை மணந்தார். கணவர் மன்னர்தான், ஆனால் அங்கே பட்டத்தை ஏற்பது ஆங்கில அரசின் கையில் இருந்தது. மோலியை ராணியாக அது ஏற்கவேயில்லை. மகன் சிட்னிக்கும் வாரிசுரிமை இல்லை என்றாயிற்று. 1928இல் மன்னர் பாரிஸில் இறந்தபோது பட்டம் உறவுக்காரச் சிறுவன் ராஜகோபால தொண்டைமானுக்குப் போனது.